எடை சரிதான், வயிறு சரியில்லை

மாரடைப்பில் யாராவது திடீரென்று போய்விட்டால், துக்க வீட்டு வாசலில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "ஆள் ஒல்லியாத்தானே இருந்தார், அவருக்கு எப்படி?" கேட்பவருக்கு அது நியாயமான கேள்விதான். குண்டாக இருப்பவருக்குத்தான் இதய நோய் வரும், எடை அளவோடு இருந்தால் பயமில்லை என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு ஊறிப்போயிருக்கிறது. மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டு வரும் நாற்பது வயதுக்காரர் அறிக்கையில் முதலில் தேடுவதும் பிஎம்ஐ எண்ணைத்தான். 23.8 என்று போட்டு, பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தால் நிம்மதியாகிவிடுகிறார். சட்டைப் பொத்தானை இழுத்துப் பிடித்திருக்கும் வயிற்றைப் பற்றி அவரும் கேட்பதில்லை, பெரும்பாலும் எதிரில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரும் பேச்செடுப்பதில்லை.

இந்த நம்பிக்கை தவறு. ஓரளவு உண்மை, சற்றே திருத்த வேண்டியது என்றெல்லாம் மழுப்பிச் சொல்வதற்கில்லை. தெற்காசிய உடலைப் பொறுத்தவரை அது உயிரோடு விளையாடும் தவறு. எடை அளவாக இருந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவர், உடல் முழுக்கச் சீராகப் பூசினாற்போல் இருக்கும் பருமனானவரைவிட அதிக ஆபத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு இப்போது ஆதாரங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனாலும் வீட்டில், அலுவலகத்தில், ஏன் பல ஆஸ்பத்திரிகளிலும்கூட எடை மெஷின் சொல்வதே கடைசித் தீர்ப்பாக இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரத்தை 19ஆம் நூற்றாண்டில் தந்தவர் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். கணிதமும் வானியலும் படித்தவர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று புள்ளிவிவரங்களில் தேடிக்கொண்டிருந்தார். யாருடைய இதயத்தையும் சோதிப்பது அவர் நோக்கமே அல்ல. 1972-ல் அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ், ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளை வைத்து அதே சூத்திரத்துக்கு 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' (பிஎம்ஐ) என்று பெயர் சூட்டினார். ஆயிரக்கணக்கானோரின் சராசரியை ஒப்பிட அது எளிதான கருவி. அதே கருவியைத் தனி ஒருவர் நலமா இல்லையா என்று சான்றிதழ் கொடுக்கப் பயன்படுத்தியதில்தான் கோளாறு தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்றும் பலர் சொல்லும் 'உயரத்துல நூறைக் கழிச்சா உங்க எடை' என்ற கணக்கும் இப்படித்தான். பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரில் வழங்கும் பழைய சூத்திரம் அது. இந்த இரண்டு கணக்குக்கும் எலும்பும் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். கொழுப்பு தொடையில் இருந்தாலும் குடலைச் சுற்றி இருந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

பிஎம்ஐ எல்லைக்கோட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் போதுமே என்று ஒரு பதில் உண்டு. இறக்கியும் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-லேயே ஆசியர்களுக்கு 23-லிருந்து கவனம் தேவை என்றது. 2009-ல் இந்திய மருத்துவர்களும் 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் பருமன் என்று வகுத்தார்கள். அந்தக் கணக்கில் மேலே சொன்ன 23.8 நார்மல் இல்லை. பழைய எல்லையை வைத்தே இன்னும் பல அறிக்கைகள் அச்சாகின்றன என்பது ஒரு குறை. ஆனால் கோட்டை எவ்வளவு இறக்கினாலும் கோட்டுக்குக் கீழே சிலர் ஒளிந்துகொள்ளவே செய்வார்கள்.

அப்படி ஒளிந்திருந்தவர்களில் ஒருவர் சர்க்கரை நோய் ஆராய்ச்சியாளர் என்பதுதான் விசேஷம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. இந்திய அளவுகோலிலும் அது நார்மல்தான். ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பிஎம்ஐ ஒரே எண்ணைக் காட்டிய இரண்டு உடல்களில் ஒன்று மற்றதைப்போல் இரு மடங்குக்கும் மேலான கொழுப்பைச் சுமந்துகொண்டிருந்தது.

யுட்கின் மாரத்தான் ஓடுபவராயிற்றே, அதனால்தான் இந்த வித்தியாசம் என்று ஒருவர் வாதிடலாம். அவர்களே அந்தக் கட்டுரையில் அதைச் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் ஓட்டமும் சோம்பலும் அறியாத பச்சிளங்குழந்தைகளிடம் இதே வித்தியாசம் தெரிந்தால் என்ன சொல்வது? யாஜ்னிக்கின் குழு புனே மாவட்டக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டது. புனேக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைக்கு 3.5 கிலோ. எடை குறைந்த அளவுக்குத் தசையும் குறைந்திருந்தது, வயிற்றின் உள்ளுறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்த குழந்தை. உடல் அமைப்பில் கொழுப்பு கூடிய குழந்தை. பிறக்கும்போதே இந்த வாகோடு வரும் உடலைத்தான் நாற்பது வருடம் கழித்து எடை மெஷினில் ஏற்றிவிட்டு 'நார்மல்' என்கிறார்கள்.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல என்பதும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. பிரான்ஸின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே இதை எழுதிவிட்டார். இடுப்புக்குக் கீழே, தொடையில் சதை போடுகிறவர்களைவிட வயிற்றில் போடுகிறவர்களுக்கே சர்க்கரையும் ரத்தக்குழாய் நோயும் அதிகம் வருகின்றன என்று கண்டார். அவர் சொன்னது பல பத்தாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பிறகு சிடி ஸ்கேன் வந்து வயிற்றின் உட்புறத்தைக் கண்ணெதிரே காட்டியபோதுதான் மருத்துவ உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. ஒன்று தோலுக்கு அடியில், விரலால் கிள்ளிப் பிடிக்கக்கூடியது. இன்னொன்று வயிற்றுத் தசைக்கும் உள்ளே, குடலைப் போர்த்தியிருக்கும் சவ்விலும் குடல் மடிப்புகளுக்கு இடையிலும் சேர்வது. உடலுக்கு மிஞ்சிய கலோரியைப் பத்திரப்படுத்தும் குதிர் தோலடிக் கொழுப்பு, அதிலும் குறிப்பாகத் தொடையிலும் பிட்டத்திலும் உள்ளது. நம்மவர்களுக்கு அந்தக் குதிர் சிறியது. சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மிஞ்சியது வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் போய்ச் சேர்கிறது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அங்கிருந்து கிளம்பும் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் இறங்குகிறது, எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகி ரத்தக்குழாய்ச் சுவரில் எளிதாகப் புகுகின்றன. இன்சுலின் சொன்ன பேச்சை உடல் கேட்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் கூடுகின்றன. இவ்வளவும் எடை மெஷினின் முள் அசையாமலே நடந்துவிடும்.

இதை நம்பாதவர்களுக்கு 2004-ல் வந்த ஓர் ஆய்வைக் காட்டலாம். பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலின் அடியிலிருந்து லைப்போசக்ஷன் மூலம் சுமார் பத்துப் பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வெளியானது. வயிறு இறங்கியது, எடை இறங்கியது. ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, இன்சுலினுக்கு உடல் கட்டுப்படும் தன்மை எதிலும் முன்னேற்றம் இல்லை. கிலோ கணக்கில் எடை போயும் இதயத்துக்கு எந்த லாபமும் இல்லை, ஏனென்றால் போனது வேறு கொழுப்பு. இதற்கு நேர்மாறான உதாரணம் ஜப்பானின் சுமோ மல்லர்கள். நூறு கிலோவை எளிதாகத் தாண்டும் உடம்பு. ஆனால் ஒசாகாவின் யுஜி மட்சுசாவா குழுவினர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, பயிற்சியில் இருக்கும் மல்லரின் கொழுப்பு பெரும்பாலும் தோலடியிலேயே இருந்தது. சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் அவ்வளவு மோசமாக இல்லை.

எடைக்கும் வயிற்றுக்கும் நேரடிப் போட்டி வைத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரியது இண்டர்ஹார்ட். கனடாவில் பணியாற்றும் மருத்துவர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்தது. முதல் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் சேர்த்து 27,000-க்கும் மேற்பட்டோரை அளந்த கட்டுரை 2005-ல் வெளியானது. மாரடைப்போடு பிஎம்ஐக்கு இருந்த தொடர்பு பலவீனமாகவே இருந்தது. இடுப்புச் சுற்றளவைப் பிட்டத்தின் சுற்றளவால் வகுத்த விகிதமோ ஆண், பெண், முதியோர், இளையோர் என எல்லாரிடத்திலும் தெளிவான தொடர்பைக் காட்டியது. இதே ஆய்வின் இன்னொரு பகுதி தெற்காசியர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது. பிற நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது ஏறத்தாழ 59. தெற்காசியர்களுக்கு 53. வேலையில் உச்சத்தில் இருக்கும், பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் வயதில் ஆறு ஆண்டுகள் பறிபோகின்றன.

அமெரிக்காவில் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 15,184 பேரின் தரவுகளை அலசி 2015-ல் வெளியிட்டது இன்னும் கூர்மையானது. எடை அளவாக இருந்து வயிறு மட்டும் பெருத்த ஆணை, அதே எடையில் வயிறு பெருக்காத ஆணோடு ஒப்பிட்டார்கள். இறப்பு அபாயம் 87 சதவீதம் கூடுதல். பிஎம்ஐ கணக்கில் பருமனாக இருந்தும் வயிற்றில் கொழுப்பு குவியாத ஆணோடு ஒப்பிட்டாலும் இவருக்கே ஆபத்து இரு மடங்குக்கு மேல். 'குண்டானவர்' என்று ஊர் சுட்டிக்காட்டுகிறவரைவிட, 'உடம்பை நல்லா வெச்சிருக்கார்' என்று ஊர் பாராட்டுகிறவர் முந்திப் போகிறார்.

பெண்கள் விஷயத்தில் அலட்சியம் இன்னும் கூடுதல். பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும், மாதவிடாய் நின்றால் அப்படித்தான் ஆகும் என்று குடும்பமே சொல்லி அடக்கிவிடுகிறது. அமெரிக்கச் செவிலியர்கள் 44,636 பேரைப் பதினாறு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2008-ல் சொன்னது வேறு. எடை அளவாக இருந்தும் இடுப்பு 88 சென்டிமீட்டரைத் தொட்ட பெண்களுக்கு, அதே எடையில் இடுப்பு சிறுத்தவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோயில் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. இந்தியப் பெண்ணுக்கான எல்லை அதற்கும் கீழே, 80 சென்டிமீட்டர். ஆணுக்கு 90.

இந்தியாவில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? நாடு முழுவதும் ஒரு லட்சத்துப் பதின்மூவாயிரம் பேரைப் பரிசோதித்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. பிஎம்ஐ கணக்கில் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கழித்துப் பார்த்தாலே போதும். எடைக் கணக்கில் பருமன் இல்லை, இடுப்புக் கணக்கில் உண்டு என்ற நிலையில் நூற்றில் குறைந்தது பத்துப் பதினொரு பேராவது இருந்தாக வேண்டும்.

வயிற்றை அளக்கச் சொன்னால் ஆண்கள் பலர் பேண்ட் சைஸைச் சொல்கிறார்கள். "கல்யாணத்தப்பவும் 34, இப்பவும் 34." உண்மைதான், பேண்ட் மாறவில்லை. ஆனால் பெல்ட் இருந்த இடம் மாறிவிட்டது. தொப்புள் மட்டத்தில் கட்டியிருந்த பெல்ட் வருடத்துக்குக் கொஞ்சமாக இறங்கி, இப்போது தொப்பைக்கு அடியில் இடுப்பெலும்பைச் சுற்றிக் கிடக்கிறது. எலும்பு பெருப்பதில்லை, சைஸும் ஏறுவதில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், டெய்லரின் இஞ்சி டேப்பைச் சுற்றிப் பார்த்தால் அதே ஆளுக்கு 38, 39 அங்குலம் வரும். 90 சென்டிமீட்டர் என்பது முப்பத்தைந்தரை அங்குலத்துக்கும் ஒரு நூல் குறைவு. டேப் கையில் இருந்தும் எல்லை எண் மறந்துவிட்டால், பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022-ல் சொன்ன வழி இருக்கிறது: இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். நூற்று எழுபது சென்டிமீட்டர் உயரம் என்றால் இடுப்பு 85-ஐத் தொடக்கூடாது.

மறுதரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. 58 ஆய்வுகளைச் சேர்ந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2011-ல் லான்செட்டில் ஒரு கட்டுரை வந்தது. ஒருவரின் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றும் கையில் இருந்தால், இடுப்பளவையோ பிஎம்ஐயையோ கூடுதலாகச் சேர்ப்பதால் இதய நோயைக் கணிப்பதில் பெரிய லாபம் இல்லை என்றது அது. அப்படியானால் டேப் எதற்கு என்று கேட்கிறார்கள்.

அந்தக் கட்டுரையின் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும்: மூன்றும் கையில் இருந்தால். வயிற்றுக் கொழுப்பு இதயத்தைத் தாக்குவதே பெரும்பாலும் இந்த மூன்றின் வழியாகத்தான். விளைவை அளந்தாயிற்று என்றால் காரணத்தை அளப்பது கணக்குக்குக் கூடுதல் லாபம் தராதுதான். ஆனால் எடை நார்மல் என்ற ஒரே தைரியத்தில் ஐம்பது வயதுவரை ஒரு தடவைகூட ரத்தம் கொடுத்துப் பார்க்காத மனிதரின் கையில் அந்த மூன்றில் எது இருக்கிறது? அவரை லேப்புக்கு அனுப்ப ஒரு காரணம் வேண்டும். எடை மெஷின் அந்தக் காரணத்தைக் கொடுக்கவில்லை. மாறாக, போக வேண்டாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்த வேலையைச் செய்யக்கூடியது டேப்.

வயிறு தெரிந்த பிறகு நடப்பதிலும் ஏமாற்றமே மிகுதி. வயிற்றில் கட்டும் பெல்ட்டும், தினம் நூறு சிட்-அப்பும் உட்கொழுப்பைக் கரைத்துவிடும் என்று விற்கப்படுகின்றன. வயிற்றுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை. பலமடைவது தசைதான், அது நல்லதே. உட்கொழுப்பு அசைவது மூச்சு வாங்க நடப்பதிலும் ஓடுவதிலும் சைக்கிள் மிதிப்பதிலும். எடை பெரிதாகக் குறையாவிட்டால்கூடத் தொடர்ந்த நடையில் உட்கொழுப்பு இறங்குகிறது என்பது நம்பிக்கை தரும் செய்தி. எடை மெஷினை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர் ஒரு மாதம் நடந்துவிட்டு, ஒரு கிலோகூட இறங்கவில்லை என்று விட்டுவிடுகிறாரே, அவரும் இதே அளவுகோலால் ஏமாற்றப்பட்டவர். சிகரெட், பீடி பிடிப்பவர்கள் மெலிந்திருப்பதைக் காட்டி அதையும் நியாயப்படுத்துவோர் உண்டு. புகை எடையைக் குறைக்கலாம். ஆனால் அதே எடையில் புகைக்காதவரைவிடப் புகைப்பவருக்கு வயிற்றில் சேர்மானம் கூடுதல்.

சாப்பாட்டில் தட்டை நிறைக்கும் சோற்றையும் இட்லி தோசையையும் பற்றிப் பேசாமல் இது முடியாது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் குறைவு. தசை வளரப் பொருள் இல்லை, மிஞ்சிய மாவுச்சத்தைக் கொழுப்பாக்கும் வேலை கல்லீரலுக்கு ஓய்வில்லாமல் இருக்கிறது. அரிசியைத் துறக்க வேண்டியதில்லை. இரண்டாவது கரண்டிச் சோற்றின் இடத்தில் பருப்பும் சுண்டலும் முட்டையும் மீனும் வந்தால் போதும்.

இதில் வேதனை தருவது, விடை இந்த ஊரிலேயே இருந்தது என்பது. சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், நகரவாசிகளை ஆய்ந்து 2005-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் உருவாக்கிய அதில் நான்கே கேள்விகள்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பது. எடை அதில் இல்லை. தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் முப்பது வயது கடந்தவர்களிடம் நிரப்பும் படிவத்திலும் இடுப்பளவுக்கு மதிப்பெண் உண்டு. ஆண் 90-ஐத் தாண்டினால் ஒன்று, 100-ஐத் தாண்டினால் இரண்டு. பெண்ணுக்கு 80-ம் 90-ம். தெருத்தெருவாகப் போய் ஒரு பணியாளர் டேப்பால் அளந்து எழுதும் இந்த எண்ணுக்கு, ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் எத்தனையோ செக்கப் அறிக்கைகளில் ஒரு கட்டம்கூட இல்லை. உயரம், எடை, பிஎம்ஐ, அதற்குப் பச்சை நிறத்தில் 'நார்மல்', அவ்வளவுதான். இந்த விடுபடலுக்கு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது. செலவு என்று சொல்லவும் வழியில்லை.

எடை நார்மல் என்று அறிக்கை வாங்கியவர் ஆணானால் 90, பெண்ணானால் 80 தாண்டியிருந்தால் அடுத்த வேலை பயப்படுவது அல்ல. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து ட்ரைகிளிசரைடையும் எச்டிஎல்லையும் பார்ப்பது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்பிஏ1சி பார்ப்பது, ரத்த அழுத்தத்தை இரண்டு வெவ்வேறு நாள்களில் பார்ப்பது. அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே "உங்களுக்குத்தான் எடை சரியா இருக்கே" என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், டேப்பை எடுத்து அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.